பொத்தான் வளர்ந்த நாள்

"அளந்ததையே மறுபடியும் அளக்கிறவன் தன் கண்ணையே நம்பாதவன். தொழிலுக்கு வந்த நாள்லேர்ந்து நான் ஒரு ஆளையோ ஒரு துணியையோ ஒரு தடவைக்கு மேல அளந்ததில்ல. இனிமேலும் அளக்க மாட்டேன்."

இந்தப் பிரகடனம் வெளியானபோது மாநாடு எதுவும் நடந்துகொண்டிருக்கவில்லை. தையல் கடைக்குள் ஒரு புது வெட்டுமேசை இறங்கியிருந்தது, அவ்வளவுதான். அதைச் செய்து கொண்டுவந்த எதிர்வீட்டுத் தச்சர் மேசையைச் சுவரோரமாக நிறுத்திவிட்டு, இடுப்பிலிருந்து இரும்பு டேப்பை உருவி அகலத்தை ஒரு தரம் அளந்தார். பிறகு, பார்த்ததை மறந்துபோனவர் மாதிரி இன்னொரு தரம் அளந்தார். தையல்காரரால் பொறுக்க முடியவில்லை. கழுத்தில் தொங்கிய நாடாவின் இரு முனைகளையும் பட்டத்து யானைக்குப் போட்ட மாலையைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு, மேற்படி வாசகத்தை உலகத்துக்கு வழங்கினார்.

தச்சர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "முப்பத்தாறு இஞ்சு. ரெண்டு தடவை பார்த்தாத்தான் எனக்கு ராத்திரி தூக்கம் வருது மாஸ்டர்."

"அதனாலதான் அண்ணே நீங்க தச்சர், நான் மாஸ்டர்."

அன்றுமுதல் தெருவில் அவருக்கு 'ஒரேயளவு மாஸ்டர்' என்று பெயர். வைத்தவர்கள் கிண்டலாக வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக வாங்கிக்கொண்டார். பட்டம் கிடைத்தவர்கள் எல்லாரும் செய்வது அதுதான்.

வீட்டின் முன்னறைதான் கடை. தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல், ஜன்னலுக்குக் கீழே மெஷின், மெஷினுக்குப் பின்னால் அந்த மேசை. மேசைக்கு அடியில்தான் அவருடைய மகள் தவழ்ந்தாள், நடந்தாள், கீழே விழுந்த ஊசிகளைக் காந்தத்தால் பொறுக்கக் கற்றாள். மூன்றாம் வகுப்புக்கு வந்த பிறகும் தலையை மட்டும் குனிந்தால் மேசைக்கு அடியில் புகுந்துவிடக்கூடிய உருவம். ஆகையால் பொத்தான். வீட்டிலும் பொத்தான், தெருவிலும் பொத்தான், பள்ளிக்கூடத்திலும் எப்படியோ மோப்பம் பிடித்து அதே பொத்தான்.

மாஸ்டரின் நாடாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்தச் சரித்திரத்தில் குற்றவாளிக் கூண்டில் ஏறவேண்டிய இருவரில் அது ஒருவர். மஞ்சளாகப் பிறந்து, வேர்வையிலும் சாக்கட்டியிலும் ஊறி, இப்போது என்ன நிறம் என்று யாரும் கேட்கக் கூடாத வயதை அடைந்திருந்தது. சில வருடங்களுக்கு முன் அதன் நுனி இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் மாட்டிக் கருகிவிட்டது. மாஸ்டர் கத்தரியை எடுத்தார். இரண்டு என்று போட்டிருந்த கோட்டில் நறுக்கென்று வெட்டிக் கருகலை எறிந்தார். வேறு யாராவதாக இருந்தால் புதிதாக ஒன்று வாங்கியிருப்பார்கள். "புது டேப்பு, புதுசாத் தொழில் கத்துக்கிறவனுக்கு" என்றார் மாஸ்டர்.

அதுமுதல் நாடா எது சொன்னாலும் அதில் இரண்டைக் கழித்துக்கொண்டார். நாளடைவில் கழிப்பதுகூட நின்றுவிட்டது. அதாவது, கழிக்கிறோம் என்ற நினைப்பு நின்றுவிட்டது. நாடா நாற்பது என்று காட்டும். அவர் வாய் முப்பத்தெட்டு என்று சொல்லும். நடுவழியில் இரண்டு எங்கே இறங்கிக்கொண்டது என்று கேட்டால் அவருக்கே தெரியாது. சட்டைகள் கச்சிதமாக இருந்தன. யாரும் கேட்கவில்லை.

இப்படியாகத் தொழில் நடந்துவரும் காலத்தில் ஒரு நாள், ஆசிரியர்களுக்கு ஏதோ பயிற்சி என்று பள்ளிக்கூடம் பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னது. சும்மா வைத்துக்கொள்ளவும் விடவில்லை. 'வீட்டில் கற்போம் நாள்' என்று தலைப்பிட்டு, முதல் நாளே ஆளுக்கொரு தாளைக் கொடுத்து அனுப்பியிருந்தது. கண்ணால் மதிப்பிட்டு, பிறகு அளந்து எழுது. பொருள்களை இனம் பிரி. வீட்டில் ஒருவரைப் பேட்டி எடு. எல்லாவற்றுக்கும் அடியில் தடித்த எழுத்தில் ஒரு கட்டளை: பெற்றோர் அருகில் இருக்கலாம், செய்து கொடுக்கக் கூடாது.

இந்தக் கட்டளை எப்படி மதிக்கப்பட்டது என்பது காலையிலேயே பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் தெரிந்துவிட்டது. ஐஸ்கிரீம் குச்சிகளால் ஒரு பிள்ளை கட்டிய பாலத்தின் படம் வந்தது. லாரியே போகலாம் போலிருந்தது. பிள்ளையின் தகப்பனார் பாலம் கட்டும் பொறியாளர் என்பது தற்செயலாக இருக்க வேண்டும்.

மாஸ்டரின் மனைவி மருந்துக் கடையில் வேலை செய்பவர். ஒரு மாத்திரை அட்டையை மூன்று தரம் திருப்பிப் பார்க்காமல் கொடுக்க மாட்டார். அவரும் ஒரேயளவு மாஸ்டரும் எப்படிச் சேர்ந்து குடும்பம் நடத்துகிறார்கள் என்பது தெருவுக்கு விளங்காத விஷயம். அன்று காலை செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"நீங்க செஞ்சு குடுத்துடாதீங்க. அவளே செய்யட்டும். ஆனா பக்கத்துல இருங்க."

"நான் எங்கே போகப்போறேன்? வக்கீல் கோட்டு சாயங்காலம் குடுக்கணும். மெஷினை விட்டு எழுந்திருக்கவே முடியாது."

"உடம்பு பக்கத்துல இருந்தா மட்டும் போதாதுங்க."

"மனசும் இங்கதான் இருக்கும், போய்ட்டு வா."

மனசு வக்கீலின் காலரில் இருந்தது.

பொத்தான் நாடாவைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கொடுத்தவர், வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு காலரின் வளைவில் மூழ்கிவிட்டார். மேசையின் அகலம்தான் முதல் வேலை. அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மேசையைப் பார்த்தாள்.

"அப்பா, மேசை முப்பத்தாறு. தொடாமலேயே சொல்லிட்டேன்."

"ம்?"

"லைனிங் துணி முப்பத்தாறுன்னு நீதானே சொன்னே. அதை விரிச்சா மேசைக்கு ரெண்டு பக்கமும் சரியா நிக்குமே."

"ம்."

மதிப்பீட்டுக் கட்டத்தில் முப்பத்தாறு என்று எழுதிவிட்டு, பிறகு அளந்தாள். நாடாவின் நுனியை விளிம்பில் வைத்து, தட்டி, நீவி, அந்தப் பக்கம் போய்ப் படித்தாள்.

"அப்பா, முப்பத்தெட்டுன்னு வருதே."

"ம்."

"நான் சொன்னது தப்பா, டேப்பு தப்பா?"

இது சாதாரணக் குற்றச்சாட்டு அல்ல. மாஸ்டர் குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டார். "டேப்பு எப்படித் தப்பாகும்? இந்த டேப்பாலதான் இந்த ஊர்ல பாதிப்பேர் மானமா நடமாடுறான்."

"இதுல ஒண்ணாம் நம்பரைக் காணோம்பா."

"ஒண்ணு அழிஞ்சிருக்கும். இருக்கிறதைப் படி."

"இன்னொரு தடவை அளந்து பாக்கட்டுமா?"

உலகில் பல பெரிய தவறுகள் இப்படித்தான், தடுத்து நிறுத்த ஒரு நல்ல வாய்ப்பு வந்து கதவைத் தட்டியபோது, உள்ளேயிருந்தவர் பெருமையாக இருந்ததால் நடந்திருக்கின்றன.

"பொத்தான், நீ யார் பொண்ணு?"

"உன் பொண்ணு."

"உங்கப்பன் எத்தனை தடவை அளப்பான்?"

"ஒரு தடவை."

"அப்புறம் என்ன? முப்பத்தெட்டுன்னு போடு. அந்த முப்பத்தாறையும் அழிச்சு முப்பத்தெட்டாக்கிடு. தையல்காரர் பொண்ணுக்குக் கண்ணளவு சரியில்லன்னு உங்க மிஸ் நினைக்கப்போறாங்க."

பொத்தான் சற்று நேரம் மேசையைப் பார்த்தாள். பிறகு ரப்பரை எடுத்தாள். தனக்குத் தெரிந்த ஒன்றைத் தானே அழிக்கும்போது காகிதத்திலிருந்து ஒரு சத்தம் வரும். மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் மாஸ்டருக்கு அது கேட்கவில்லை.

அதன் பிறகு அவள் கண்ணால் மதிப்பிடவே இல்லை. நேராக அளந்தாள், இரண்டு கட்டத்திலும் ஒரே எண்ணை எழுதினாள். ஜன்னல் இரண்டு இஞ்சு வளர்ந்தது. கதவுக்கு நாடாவை இரண்டு தரம் வைக்க வேண்டியிருந்ததால் அது நாலு இஞ்சு வளர்ந்தது. காலை பத்து மணிக்குள் அந்த வீடு, அஸ்திவாரத்தை அசைக்காமல், யாருக்கும் தெரியாமல் பெரிதாகிக்கொண்டே வந்தது.

அடுத்தது, உன் உயரம்.

கதவு நிலையில் முதுகை ஒட்டி நின்று, தலையில் கணக்குப் புத்தகத்தை வைத்து, கையைப் பின்னால் வளைத்துச் சாக்கட்டியால் கோடு போட்டாள். நாடாவைத் தரையிலிருந்து ஏற்றிப் படித்தாள். சத்தம் வரவில்லை. வழக்கமாக அவள் பேச்சு நிற்பது தூங்கும்போதுதான் என்பதால் மாஸ்டர் திரும்பிப் பார்த்தார்.

"அப்பா. நாற்பத்தேழு."

"சரி, எழுது."

"போன தடவை பள்ளிக்கூடத்துல அளந்தப்போ நாற்பத்தஞ்சு. சுருட்டை நாற்பத்தாறு."

சுருட்டை என்பவள் வகுப்புத் தோழி. பிரார்த்தனை வரிசையில் உயரப்படி நிற்கும்போது பொத்தானுக்கு நேர் பின்னால் நிற்பவள். பள்ளியில் சேர்ந்த நாள்முதல் வரிசையின் முதல் ஆள் பொத்தான்தான். முதல் ஆளாக நிற்பதில் உள்ள கஷ்டத்தை முதல் ஆளாக நின்றவர்கள்தான் அறிவார்கள். தலைமையாசிரியையின் வயிற்றைப் பார்த்துக்கொண்டு பாட வேண்டும். கண்ணைத் திறந்திருந்தாலும் தெரியும், வாயை மூடியிருந்தாலும் தெரியும். பின்னாலிருந்து யார் தள்ளினாலும் திட்டு வாங்குவது முதல் ஆள்.

"அப்போ நான் ரெண்டாவதுப்பா" என்றாள் பொத்தான். "சுருட்டைதான் முதல்ல."

மாஸ்டர் மெஷினை நிறுத்தினார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எந்தத் தகப்பனாலும் மெஷின் ஓட்ட முடியாது. "என் பொண்ணா கொக்கா" என்றார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, எதிர்ப்புறம் பலகை இழைத்துக்கொண்டிருந்த தச்சரைக் கூப்பிட்டார். "அண்ணே, பொத்தான் ரெண்டு இஞ்சு வளந்துட்டா."

"எத்தனை நாள்ல?"

"ரெண்டு மாசம்."

தச்சர் இழைப்புளியை நிறுத்தாமல் சொன்னார். "என்கிட்ட இருக்கிற மரமெல்லாம் அப்படி வளந்தா நல்லாயிருக்கும்."

"பொறாமை" என்று மாஸ்டர் மகளுக்கு விளக்கம் சொன்னார்.

பொத்தான் அப்பாவின் போனை எடுத்துச் சுருட்டையின் அம்மா எண்ணுக்குக் குரல் செய்தி அனுப்பினாள். நாளைமுதல் நீதான் முதல் ஆள், பயப்படாதே, நான் பின்னாலேயே நிற்பேன் என்பது அதன் சாரம். பெருந்தன்மை ஒழுகியது. உடனே பதில் வந்தது. "போடி. நாளைக்கு எல்லார் முன்னாடியும் முதுகோட முதுகு ஒட்டி நின்னு பாக்கலாம்."

"பாக்கலாம்" என்றாள் பொத்தான், இப்போதே முதுகை நிமிர்த்திக்கொண்டு.

தாளில் அளவு வேலையில் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. வீட்டிலுள்ள மிகச் சிறிய பொருள் ஒன்றை அள. அவள் பொத்தான் டப்பாவைத் திறந்து, வக்கீல் கோட்டுக்கென்று எடுத்துவைத்திருந்த கறுப்புப் பொத்தானை எடுத்து மேசையில் வைத்தாள். நாடாவை நீட்டினாள்.

"அப்பா, பொத்தான் மூணு இஞ்சு."

"யாரு?"

"நான் இல்லப்பா, கோட்டுப் பொத்தான். மூணு இஞ்சு."

மூன்று இஞ்சுப் பொத்தானை வைத்து வக்கீலுக்குக் கோட்டுத் தைத்தால், அவர் நீதிமன்றத்துக்கு மார்பில் நாலு சாஸரை மாட்டிக்கொண்டு போன மாதிரி இருக்கும். மாஸ்டரின் கால் மிதியிலேயே நின்றுவிட்டது. மெல்லத் திரும்பினார். மேசையில் அந்தச் சின்னப் பொத்தான். அதன் ஒரு விளிம்பில் நாடாவின் வெட்டுப்பட்ட நுனி. நுனியில், இத்தனை வருடங்களாக அவர் கண்ணில் படாமல் இருந்த அந்த எண்: இரண்டு.

தொலைந்துபோன இரண்டு இஞ்சும் ஒரே நேரத்தில் வீடு திரும்பி அவர் எதிரில் உட்கார்ந்தன. மேசை. ஜன்னல். கதவு. நிலையில் போட்ட சாக்கட்டிக் கோடு. முதுகோட முதுகு.

அந்த இடத்தில் ஒரு நேர்மையான மனிதன் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பதை மாஸ்டர் பிற்பாடு பல விதமாக, நல்ல நல்ல வாக்கியங்களாகத் தைத்துப் பார்த்துக்கொண்டார். அப்போது அவர் சொன்னது இது: "சின்னப் பொருளை டேப்பால அளக்கக் கூடாதும்மா. டேப்புக்குப் பெரிய பொருள்தான் சரியா வரும். நீ உன் ஸ்கேலை எடுத்து அள."

"அப்படியா?" என்றாள் பொத்தான். ஸ்கேலால் அளந்து, ஒரு இஞ்சு என்று எழுதினாள். அப்பா சொன்னால் சரிதான்.

குற்றம் செய்தவன் குற்றம் செய்த இடத்தைவிட்டு ஓடிவிடலாம். தையல்காரன் எங்கே ஓடுவது? குற்றம் செய்த மேசையிலேயே வக்கீலின் கையை வெட்ட வேண்டியிருந்தது. வெட்டினார். நாடாவை எடுத்தபோது முதல்முறையாகக் கழிக்கலாமா வேண்டாமா என்று யோசித்தார். நடக்கும்போது எந்தக் காலை முதலில் வைக்கிறோம் என்று யோசித்தவன் கதை ஆயிற்று. இடது கையை வலது தோளில் பொருத்திப் பாதி தைத்த பிறகுதான் கவனித்தார். பிரித்தார். மறுபடியும் தைத்தார்.

பொத்தான் இதற்கிடையில் பொருள்களை இனம் பிரித்தாள். கடையிலிருந்த பொத்தான்கள் எல்லாவற்றையும் தரையில் கொட்டி, நான்கு துளை, இரண்டு துளை, துளையே இல்லாமல் முதுகில் காது உள்ளவை என்று குவியல் குவியலாக அடுக்கினாள். வேறொரு நாளாக இருந்தால் மாஸ்டர் கத்தியிருப்பார். இன்று, "நல்லாப் பண்றேம்மா" என்றார். அவள் சந்தேகமாக நிமிர்ந்து பார்த்தாள். தாகத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மத்தியானம் சோற்றைப் பிசைந்து உருட்டிக் கொடுத்தார். குற்ற உணர்ச்சி ஒருவரை எவ்வளவு நல்ல தகப்பனாக்கிவிடும் என்பதற்கு அன்றைய மத்தியானம் சாட்சி.

"நிறைய சாப்பிடணுமாப்பா, இன்னும் வளர?"

"சாப்பிடு சாப்பிடு" என்றார். தன் பங்கையும் அவள் தட்டில் தள்ளினார்.

பேட்டி வந்தது. பொத்தான் நாற்காலியை இழுத்துப்போட்டு, பென்சிலை மைக் மாதிரி நீட்டினாள்.

"உங்கள் தொழில் என்ன?"

"தெரியாதா உனக்கு?"

"பேட்டின்னா நீ சொல்லணும்பா."

"தையல்."

"உங்கள் தொழிலில் மிக முக்கியமானது எது?"

மாஸ்டர் வாயைத் திறந்தார். சொல்லிவிடலாம் என்றுதான் திறந்தார். சத்தியமாக. "அளவு" என்று வந்தது. அதற்குமேல் வரவில்லை.

"அதுக்கு மேல நானே எழுதிக்கிறேன், எனக்குத் தெரியும்" என்றாள். நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதினாள். எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். "என் அப்பா எதையும் ஒரு தடவைதான் அளப்பார். ஏனென்றால் அவர் தப்பே செய்ய மாட்டார்."

மாஸ்டர், ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்க்க வேண்டியவர்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெளியே தச்சர் ஒரு பலகையை அளந்துகொண்டிருந்தார். இரண்டாம் தரம்.

நேர்மை கைகொடுக்காத இடத்தில் தொழில்நுட்பம் கைகொடுக்கும் என்று நம்புகிறவர்கள் உண்டு. நாலு மணி வாக்கில் மாஸ்டருக்கு ஓர் ஐடியா பிறந்தது. தோள் சரிந்தவருக்குத் தோளை உயர்த்தலாம். கோட்டுக்குள் பஞ்சுப் பட்டை வைத்து இந்தக் கையால் எத்தனை பேரை நிமிர்த்தியாயிற்று. தோளை உயர்த்த முடியுமென்றால் குதிகாலை உயர்த்த முடியாதா? பொத்தான் பின்கட்டில் கதைப் புத்தகத்தைச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். அதுவும் தாளில் இருந்த வேலைதான். மாஸ்டர் அவளுடைய பள்ளிக்கூட ஷூவை மடியில் வைத்துக்கொண்டு, வக்கீலுக்கென்று வாங்கிய தோள் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளே திணித்துப் பார்த்தார். ஒரு இஞ்சு ஏறியது. இன்னொரு இஞ்சுக்குப் பட்டை இருந்தது, கால் நுழைய இடம் இல்லை.

அந்த நிலையில்தான் மனைவி வேலை முடிந்து வாசலில் வந்து நின்றார்.

"வக்கீலோட தோளை எதுக்குங்க ஷூவுக்குள்ள திணிக்கிறீங்க?"

மாஸ்டர் எழுந்து நின்றார். ஒரு கையில் ஷூ, ஒரு கையில் வக்கீலின் தோள். மருந்துச் சீட்டில் மருத்துவர் கிறுக்கியதையே படித்துவிடுகிற பெண்மணிக்குப் புருஷன் முகத்தைப் படிப்பது பெரிய காரியமில்லை. பையைக் கீழே வைத்தார். "என்ன பண்ணித் தொலைச்சீங்க, சொல்லுங்க."

சொன்னார். மெதுவான குரலில், பின்கட்டுக்குக் கேட்காதபடி, முப்பத்தாறை அழிக்கச் சொன்னது உட்பட. மனைவி நடுவில் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"இன்னொரு தடவை அளக்கவான்னு கேட்டாளா அவ?"

"கேட்டா."

"நீங்க?"

மாஸ்டர் கையிலிருந்த ஷூவைப் பார்த்தார்.

"நீங்க என்ன சொன்னீங்கன்னு இந்தத் தெருவுக்கே தெரியும், நான் வேற கேக்கிறேன் பாருங்க." ஷூவை அவர் கையிலிருந்து வாங்கிப் பட்டைகளை ஒவ்வொன்றாக உருவி மேசையில் வைத்தார். "போய்ச் சொல்லுங்க."

"நாளைக்குச் சொல்றேனே. இன்னிக்கு ரொம்பச் சந்தோஷமா இருக்கா."

"நாளைக்கு நீங்க சொல்ல வேண்டியதில்ல. எல்லார் முன்னாடியும் சுருட்டை சொல்லிடுவா."

மாஸ்டர் கழுத்திலிருந்து நாடாவைக் கழற்றினார். அளக்கவும் தூங்கவும் குளிக்கவும் தவிர அது கழுத்தை விட்டு இறங்கியதை யாரும் பார்த்ததில்லை. அதைச் சுருட்டி மெஷின் டிராயருக்குள் போட்டுவிட்டு, தெருவைக் கடந்தார். அந்தத் தெரு அகலமானதல்ல. அன்று மட்டும் அதற்கும் யாரோ நாலு இஞ்சு கூட்டிவிட்டார்கள்.

"அண்ணே, உங்க இரும்பு டேப்பு கொஞ்சம் வேணும்."

தச்சர் நிமிர்ந்தார். வெறுங்கழுத்தோடு நிற்கும் மாஸ்டரைக் கழுத்து முதல் கால்வரை பார்த்தார். "எதுக்கு?"

"சும்மா. மேசையை ஒரு தடவை பாக்கலாம்னு."

"அது முப்பத்தாறு. நான்தான் அப்பவே ரெண்டு தடவை பார்த்தேனே."

"தெரியும்ணே."

இந்த நாளுக்காக மனிதர் பல வருடங்கள் காத்திருந்திருக்க வேண்டும். சொல்வதற்கு என்னென்னவோ வைத்திருப்பார். ஆனால் மாஸ்டரின் கண் எங்கே போகிறது என்று பார்த்தார். அது தன் வீட்டு ஜன்னலுக்குத்தான் போய்ப்போய் வந்தது. அங்கே பொத்தான், நுனிக்காலில் நிற்காமலே ஜன்னல் கட்டையில் தாடையை வைக்க முடிகிறதா என்று முயன்றுகொண்டிருந்தாள். தச்சர் டேப்பை இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

"நுனியில இருக்கிற கொக்கியை நல்லா ஒட்டிப் பிடிங்க" என்றார். "நாளைக்குக் குடுத்தாப் போதும்."

திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

மாஸ்டர் பொத்தானை மேசைமேல் தூக்கி உட்காரவைத்தார். டிராயரிலிருந்து பழைய நாடாவை எடுத்து அவள் மடியில் போட்டார். "இதுல ஒண்ணைக் காணோம்னு காலையில சொன்னே இல்ல. ஒண்ணும் அழியல. வெட்டுப்பட்டுப் போச்சு. ரெண்டு இஞ்சு இல்ல இதுல. நான்தான் வெட்டினேன். எனக்கு மறந்துபோச்சு."

பொத்தான் நுனியைப் பார்த்தாள். கணக்கு அவளுக்குச் சட்டென்று வரும். அன்று வராமல் போயிருந்தால் மாஸ்டர் சந்தோஷப்பட்டிருப்பார்.

"அப்போ நான் நாற்பத்தஞ்சு."

"ம்."

"வளரவே இல்ல."

"இனிமே வளருவே."

"சுருட்டைகிட்டச் சொல்லிட்டேனே."

மாஸ்டர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். உள்வாசலில் நின்ற மனைவி உதவிக்கு வருவதாகத் தெரியவில்லை.

"பொத்தான் மூணு இஞ்சுன்னு சொன்னேனே, அப்பவே தெரியுமா உனக்கு?"

சின்னப் பிள்ளைகளைப் பேட்டி எடுக்க அனுப்பும் பள்ளிக்கூடங்கள் இந்த ஆபத்தையெல்லாம் யோசிப்பதில்லை. "தெரியும்" என்றார் மாஸ்டர்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தூக்கிக்கொள்ளலாம். மேசையிலிருந்து தானே சறுக்கி இறங்கி, தாளை எடுத்து வந்தாள். "அப்போ எல்லாத்தையும் மறுபடி அளக்கணும்."

"நீ சொல்லு, நான் அளக்கிறேன்."

"பெற்றோர் செய்யக் கூடாது. நீ அந்தப் பக்கம் பிடி."

ஒரேயளவு மாஸ்டர் அந்தப் பக்கம் பிடித்தார். மேசை முப்பத்தாறு. பொத்தான் இரும்பு டேப்பைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"நான் தொடாமலேயே சொன்னேன்."

"சொன்னே."

"நீ அழிக்கச் சொன்னே."

"சொன்னேன்."

"லைனிங் துணியை வெச்சுச் சொன்னேன்ப்பா."

"எனக்குத் தோணல அது. இத்தனை வருஷமா இந்த மேசையில துணி விரிக்கிறேன், எனக்குத் தோணல."

அவள் அழித்த இடத்தில் மறுபடியும் முப்பத்தாறு என்று, முன்பைவிடக் கொஞ்சம் பெரிதாக எழுதினாள். அதன் பிறகு ஜன்னலைக் கண்ணால் பார்த்து ஓர் எண் சொல்லிவிட்டுத்தான் அளந்தாள். அரை இஞ்சுதான் தவறியது. கதவு தன் நாலு இஞ்சையும் ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்தது. அளக்க அளக்க வீடு பழைய அளவுக்கு வந்துகொண்டிருந்தது. வக்கீல் கோட்டு இன்னும் ஒரு கை இல்லாமல் மெஷின்மேல் கிடந்தது. வக்கீலுக்குப் போன் போட்டு, காலையில் தருவதாக மனைவி சொல்லிக்கொண்டிருப்பது உள்ளேயிருந்து கேட்டது.

பேட்டிக்கு வந்ததும் பொத்தானின் பென்சில் நின்றது. "இதை என்னப்பா பண்றது? தப்பே செய்ய மாட்டார்னு எழுதியிருக்கேன்."

"அழிச்சிடு" என்றார். பிறகு, காலையிலும் இதையேதான் சொன்னோம் என்று உறைத்தது. "இல்ல. உனக்கு எது சரின்னு படுதோ அதை எழுதிக்கோ."

அவள் அதை அழிக்காமல், பக்கத்தில் ஏதோ எழுதினாள். இந்தத் தடவை படித்துக் காட்டவில்லை. அவரும் கேட்கவில்லை.

கடைசியாக அவள் உயரம். கதவு நிலையில் ஒட்டி நின்றாள். காலையில் போட்ட கோட்டுக்குப் பக்கத்திலேயே தலைக்குமேல் புத்தகம் வந்து நின்றது. கோடு சரியாகத்தான் இருந்தது; கோட்டின்மேல் எந்தக் குற்றமும் இல்லை. மாஸ்டர் முட்டிபோட்டு, கொக்கியைத் தரையில் ஒட்டிப் பிடித்து டேப்பை ஏற்றினார்.

"நாற்பத்தஞ்சு" என்றார். அந்த எண்ணைச் சொல்ல வாய் கூசியது.

பொத்தான் நகரவில்லை. நிலையில் முதுகை இன்னும் அழுத்திக்கொண்டாள்.

"இன்னொரு தடவை அளந்து பாருப்பா. இப்போ மூச்சை உள்ளே இழுத்துக்கிறேன்."

மாஸ்டர் டேப்பைச் சுருட்டினார். பிறகு குனிந்து, அதன் நுனியை மறுபடியும் அவள் குதிகாலுக்குப் பக்கத்தில் வைத்தார்.